மின்கம்பம் சொல்லும் முகவரி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் அழைத்து, "பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, வெற்றிக்குப் பத்துப் படிகள் என்றெல்லாம் இந்த மேடையில் பலர் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கிரிக்கெட் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டு. பேராசிரியர்கள் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கடைசியில் பாடத்துக்குத்தான் வந்து சேருவேன்.

விளையாட்டின் பெயர் ஜியோகெஸ்ஸர். ஆன்டன் வாலென் என்ற சுவீடன் நாட்டுக் கணினித் துறைக்காரர் 2013 மே மாதம் வெளியிட்டார். அதற்கு மூலப்பொருள் கூகுள் ஸ்ட்ரீட் வியூ. காரின் கூரைமேல் காமிராவைப் பொருத்தி, தெருத் தெருவாக ஓட்டி, நான்கு பக்கமும் படம் பிடித்துச் சேர்த்து வைத்த தொகுப்பு அது. 2007 மே மாதம் அமெரிக்காவில் ஐந்து நகரங்களோடு தொடங்கி, பிறகு உலகின் பெரும்பகுதிக்குப் பரவியது.

விளையாட்டு மிக எளிது. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு சாலையில் உங்களைக் கொண்டு போய் நிறுத்திவிடும். ஊர்ப் பெயர் சொல்லாது. சுற்றும் முற்றும் பார்த்து, உலக வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சரியான இடத்தில் வைத்தால் 5,000 மார்க். தூரம் கூடக் கூட மார்க் மளமளவென்று சரியும். ஐந்து சுற்று, மொத்தம் 25,000. அவ்வளவுதான். இதற்கு 2023-லும் 2024-லும் ஸ்டாக்ஹோமில் உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது என்றால் நம்புவீர்களா?

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இதை ஆடுவதைப் பார்த்து எங்கம்மா கேட்டார்கள்: "என்னப்பா இது, ஆளே இல்லாத ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" நியாயமான கேள்விதான். ஆளே இல்லாத ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

புதிதாக ஆடுகிறவர்கள் எதைத் தேடுவார்கள் தெரியுமா? ஈஃபில் கோபுரத்தைத் தேடுவார்கள். தாஜ்மகாலைத் தேடுவார்கள். நூறு ஆட்டம் ஆடினாலும் அது வராது. வருவதெல்லாம் புல், புதர், தார் ரோடு, நாலு வீடு, ஒரு கரண்ட் கம்பம். அப்போது என்ன செய்வது?

முதலில் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். நம்மைப்போல் இடது பக்கமா, வலது பக்கமா? இந்த ஒரு கேள்வியிலேயே உலகம் இரண்டாகப் பிரிந்துவிடும். அடுத்தது நிழல். படத்தில் திசைகாட்டி இருக்கும். சூரியன் தெற்கே நின்றால் வட அரைக்கோளம், வடக்கே நின்றால் தென் அரைக்கோளம். ஆனால் இந்த விதியை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் உதைக்கும். சென்னை வட அட்சரேகை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் போகிறது. சந்தேகம் இருந்தால் ஜூன் மாதம் மத்தியானம் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும். விதியை மனப்பாடம் செய்தால் போதாது, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் தெரிய வேண்டும். இதை நம் பேராசிரியர்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! "பவுண்டரி கண்டிஷன் என்ன?" என்று அவர்கள் கேட்டது இதைத்தான்.

அடுத்தது எழுத்து. கடைப் பலகையில் தமிழ் தெரிந்தால் நமக்குக் குஷி பிறந்துவிடும். உடனே தமிழ்நாட்டில் புள்ளி வைக்கக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். தமிழ்ப் பலகை புதுச்சேரியிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு, மலேசியாவில் தமிழ்ப் பள்ளி வாசலிலும் உண்டு. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் வண்டி இடது பக்கம்தான் போகும், ஆகவே முதல் கேள்வி இங்கே உதவாது. அப்போது நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்றால் இலங்கையாக இருக்கலாம்; பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தால் உறுதி. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, சுற்றிலும் மலாய் மொழி என்றால் மலேசியா. நம் எழுத்தாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் சீக்கிரம் அவசரப்படுகிறோம்.

இதையெல்லாம் தாண்டி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எழுத்தும் இல்லை, வண்டியும் இல்லை, மனிதரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாட்டைக் காட்டிக்கொடுப்பது யார்? ரோட்டில் போட்ட பெயின்ட். ஓரத்தில் நட்ட குட்டைக் கம்பம். மின்கம்பம். அதன் உச்சியில் தொங்கும் டிரான்ஸ்பார்மர். அதாவது, சிவில்காரரும் எலெக்ட்ரிக்கல்காரரும் செய்துவிட்டுப் போன வேலை.

சில உதாரணங்கள். சாலை நடுவே மஞ்சள் கோடு என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்கள். எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் கோடு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1971-ஆம் ஆண்டு சாலைக்குறி விதிநூல் சொன்னது. ஐரோப்பாவில் பெரும்பாலும் வெள்ளை; நார்வே மட்டும் மஞ்சளை வைத்துக்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் கோடு நடுவில் இருக்காது, சாலையின் விளிம்பில் ஓடும். "நில்" என்னும் சிவப்புப் பலகை உலகில் பல இடங்களில் எண்கோணம். ஜப்பானில் தலைகீழ் முக்கோணம். கான்கிரீட் கம்பத்தில் ஏணிப்படி போல வரிசையாகத் துளைகள் இருந்தால் ஹங்கேரியா, ருமேனியா என்று யோசிக்கலாம். துளை விட்டால் கான்கிரீட்டும் மிச்சம், எடையும் குறைவு. கம்பத்தின் அடியில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்வுக் கோடுகள் இருந்தால் தைவான் நினைவுக்கு வர வேண்டும்.

என் துறை எலெக்ட்ரிக்கல் என்பதால் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்கப் படங்களில் கம்பத்தின் உச்சியில் பால் கேன் மாதிரி உருளையாக ஒன்று தொங்கும். அது டிரான்ஸ்பார்மர். நாலு வீட்டுக்கு ஒன்று என்று தெருவெல்லாம் இருக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்து ஒரு தெருவுக்கோ, இரண்டு மூன்று தெருவுக்கோ சப்ளை கொடுக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டாம் ஆண்டுத் தம்பிகளுக்கே விடை தெரியும். அமெரிக்க வீட்டு பிளக்கில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அதே வாட்டுக்கு வோல்ட்டேஜ் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு. அதே கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்கு. குறைந்த வோல்ட்டேஜை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே உயர் அழுத்தக் கம்பியை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து, அங்கே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை மாட்டிவிடுகிறார்கள். சரி, 120 எங்கிருந்து வந்தது? 1882-ல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது அவருடைய விளக்குக்கு ஏற்றது ஏறத்தாழ 110 வோல்ட். அந்த வழியில் வந்ததுதான். ஜப்பான் இன்னும் குறைவு, 100 வோல்ட். அதனால் அங்கேயும் கம்பத்துக்குக் கம்பம் அதே உருளை. ஒரு விளக்குக்காகச் செய்த முடிவு, 140 வருஷம் கழித்து, உலகின் இன்னொரு மூலையில் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாட்டைக் கண்டுபிடிக்க உதவுகிறது!

படத்தில் தெரியாத முடிவுகளும் உண்டு. 1890-களில் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஜப்பானின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60 என்று அப்படியே நின்றுவிட்டது. 2011 மார்ச் 11-ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்து கிழக்கில் மின்நிலையங்கள் நின்றுபோயின. மேற்கிலிருந்து உதவி வாங்கலாம் என்றால், அதிர்வெண் மாற்றி அனுப்பும் நிலையங்களின் கொள்ளளவு ஒரு ஜிகாவாட் அளவுதான். அதற்கு மேல் அனுப்ப வழியில்லை. டோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்வெட்டுப் போட வேண்டியதாயிற்று. நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கொள்முதல் ஆர்டர்கள். அதன் விலையை நூறு வருஷம் கழித்துப் பிறந்தவர்கள் கொடுத்தார்கள்.

போன வருடச் சந்திப்பில் இங்கே படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, டிஸ்ட்ரிபியூஷன் வேலைல என்னண்ணா இருக்கு? கம்பம் நடறதும் கம்பி இழுக்கறதும்தானே? ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சாஃப்ட்வேர் போறாங்க, வீட்லயும் அதையே சொல்றாங்க." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, கவலையோடு கேட்டார். மின்விநியோகப் பணிகளை எடுத்துச் செய்யும் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன், நான் செய்வதும் கம்பம் நடுவதுதான். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நின்று பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பேச்சுதான் அவருக்குப் பதில். அவர் இந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

தம்பி, ஒரு நாட்டுக்கு முகம் எது என்று கேட்டால் எல்லோரும் நினைவுச்சின்னத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நடுரோட்டில் விட்டால் அந்த நாட்டைச் சொல்வது கம்பமும் கோடும்தான். அதைச் செய்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அந்த நாடு முழுக்க இருக்கிறது. சாஃப்ட்வேருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விளையாட்டே சாஃப்ட்வேர்தான். இந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டு வராதே என்றுதான் சொல்கிறேன். நீ இன்று டிராயிங்கில் போடும் ஓர் அளவு உன் பேரன் காலம் வரை தெருவில் நிற்கும். நல்லதாக இருந்தால் நல்லதாக நிற்கும். கோணலாக இருந்தால் கோணலாகவே நிற்கும்.

நம் தெருக்கள் இந்தப் படத்தொகுப்பில் தாமதமாகத்தான் சேர்ந்தன. 2011-ல் பெங்களூரில் தொடங்கிய வேலையைக் காவல்துறை நிறுத்தியது. 2016-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2022 ஜூலையில்தான் இந்தியக் கம்பெனிகள் எடுத்த படங்களோடு சென்னை உட்படப் பத்து நகரங்களில் ஆரம்பமாயிற்று. அந்தப் படங்களில் இருப்பது திறப்பு விழா அன்று தோரணம் கட்டி எடுத்த தெரு அல்ல. சாதாரண ஒரு நாளின் தெரு. தொங்குகிற கேபிளும் அதில் இருக்கிறது, மூடியில்லாத ஜங்ஷன் பாக்ஸும் இருக்கிறது, யாரோ ஒரு லைன்மேன் ஒழுங்காக இழுத்துக் கட்டிய கம்பியும் இருக்கிறது.

இனி, விளையாட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சில குறுக்கு வழிகள் வைத்திருக்கிறார்கள். கென்யாவில் படம் எடுத்த காரின் முன்பக்கம் தண்ணீரில் ஓட்டுவதற்கான காற்றுக்குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கானாவில் கூரைக் கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். இவற்றைப் பார்த்தவுடன் நாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். இது கெட்டிக்காரத்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இது கென்யாவைத் தெரிந்துகொண்டதாக ஆகாது; படமெடுத்த காரைத் தெரிந்துகொண்டதாகத்தான் ஆகும். கேள்வித்தாள் எடுக்கும் சார் யார் என்று பார்த்து, அவருக்குப் பிடித்த பத்துக் கேள்வியை மட்டும் படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மார்க் வரும். பாடம் வராது. அடுத்த முறை வேறு கார் போனால் கதை முடிந்தது.

ஜெர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. 2010-ல் அங்கே 20 நகரங்களின் படங்கள் வரப் போகின்றன என்றதும், "எங்கள் வீட்டை மறைத்துவிடுங்கள்" என்று சுமார் 2,44,000 வீட்டார் விண்ணப்பித்தார்கள். அந்த வீடுகளை மங்கலாக்கினார்கள். விளைவு என்ன? அடுத்தடுத்து வீடுகள் கலங்கலாகத் தெரிந்தால், "இது ஜெர்மனி" என்று ஆட்டக்காரர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மறைத்ததே அடையாளமாகிவிட்டது! புதிய படங்கள் அங்கே 2023-ல்தான் வந்தன.

இது சிரிப்பதற்கு மட்டும் இல்லை. 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர், பிஜியன் என்று பெயர் வைத்து ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் செய்தார்கள். இந்த விளையாட்டில் உலகப் புகழ் பெற்ற டிரெவர் ரெயின்போல்ட் என்ற அமெரிக்க இளைஞரோடு அதை மோதவிட்டார்கள், நிரல்தான் ஜெயித்தது. ஐந்தில் இரண்டு தடவை அது வைக்கும் புள்ளி, சரியான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் விழுந்தது. யாராவது தப்பாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று, அந்த மாணவர்கள் முழு நிரலையும் பொதுவில் விடவில்லை. செய்யத் தெரிந்தது ஒரு திறமை, கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தது இன்னொரு திறமை. இரண்டாவதற்கு நம் சிலபஸில் பேப்பர் கிடையாது.

இந்தப் பார்வை உயிரையும் காக்கும். யூரோபோல் என்ற ஐரோப்பியக் காவல் அமைப்பு 2017-ல் ஒரு திட்டம் தொடங்கியது. குழந்தைகளுக்குக் கொடுமை செய்து எடுத்த படங்களில், பின்னணியில் இருக்கும் பொருளை மட்டும் வெட்டியெடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டும்: ஒரு பை, ஒரு துணி, ஒரு பாட்டில். "இது எந்த ஊர்ப் பொருள் என்று தெரிகிறதா?" என்று கேட்கும். சோப்பு உறையைப் பார்த்து ஊரைச் சொல்லத் தெரிந்த ஒருவர், ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கத் துணை செய்யலாம். அதே பார்வை கெட்டவன் கையில் கிடைத்தால்? தங்கைகளே, தம்பிகளே, ஹாஸ்டல் ஜன்னலில் நின்று எடுத்த செல்ஃபியில் உங்கள் முகம் மட்டும் இல்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, செல்போன் டவர் இருக்கிறது, எதிர்க்கடைப் பலகை இருக்கிறது, நிழல் விழும் திசை இருக்கிறது. ஊர்ப் பெயர் போடவில்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. படத்தை அனுப்புவதற்கு முன்னால் உங்கள் முகத்தைப் பார்த்தது போதும், முதுகுக்குப் பின்னாலும் ஒரு தடவை பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த விளையாட்டை ஆட இன்டர்நெட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் போனைக் கொஞ்ச நேரம் பையில் போடுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளா பச்சையா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. டிரான்ஸ்பார்மரில் எத்தனை கே.வி.ஏ. என்று எழுதியிருக்கிறது, அதை நம்பி எத்தனை வீடு இருக்கும் என்று மனக்கணக்குப் போடுங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு வருஷம் இந்த வளாகத்தில் நமக்குச் சொல்லித் தந்தது ஃபார்முலா மட்டும் இல்லை. பார்த்ததை வைத்துத் தைரியமாக ஒரு முடிவுக்கு வா, எவ்வளவு விலகிப் போனாய் என்று அளந்து பார், அடுத்த தடவை அந்தத் தூரத்தைக் குறை என்று பழக்கினார்கள். சோதனைக்கூடத்தில் பிழை சதவீதம் எழுதச் சொல்லி ரெக்கார்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர்களை அன்றைக்குத் திட்டினோம். இன்றைக்கு இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

 சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.